பெயர் மாறியபோது மாறிய அறுவை: உணவுக்குழாயின் அரிய கட்டிகள் பற்றி

உணவுக்குழாய்ப் புற்றுநோயைப் பற்றிய பாடநூல் அத்தியாயங்கள் பெரும்பாலும் இரண்டு நோய்களையே விரிவாகப் பேசுகின்றன. உட்பரப்பின் தட்டைச் செல்களில் தோன்றும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா ஒன்று. சுரப்பிச் செல்களின் இயல்புடைய அடினோகார்சினோமா மற்றொன்று. இந்தியாவில், குறிப்பாக வடகிழக்கு மாநிலங்களிலும் காஷ்மீரிலும், முதலாவதே மிகுதி. இவ்விரண்டுக்கும் அப்பால் தசையிலும் நரம்புறையிலும் கொழுப்பிலும் நிறமிச் செல்லிலும் தோன்றும் கட்டிகள் சில உண்டு. பெரிய மருத்துவமனைகளில்கூட ஓர் அறுவை மருத்துவர் தம் பணிக்காலத்தில் இவற்றுட் சிலவற்றை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதனால் இவை பாடநூலின் இறுதிப் பக்கங்களில் ஒரு பட்டியலாகச் சுருங்கிவிட்டன.

ஆனால் மருத்துவ அறிவு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று கேட்போருக்கு அந்தப் பட்டியல் முதன்மையான சான்று. அதிலுள்ள பெயர்களுள் பல, கடந்த நூறாண்டுகளில் ஒருமுறையேனும் தவறென்று கண்டறியப்பட்டவை. பெயர் திருத்தப்பட்ட இடங்கள் சிலவற்றில் அறுவை சிகிச்சையின் அளவும் மாறியிருக்கிறது. நோயாளி தம் உணவுக்குழாயை இழப்பதா, காத்துக்கொள்வதா என்பது கட்டிக்கு இடப்பட்ட பெயரைச் சார்ந்திருந்தது.

1. கட்டிகளும் காரணப்பெயர்களும்

நன்னூல் மரபு பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுக்கும். காரணம் கருதாது வழங்கிவரும் 'மரம்' இடுகுறி; பறத்தல் என்னும் தொழில் பற்றி வந்த 'பறவை' காரணப்பெயர். நோயியலில் கட்டிகளுக்கு வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களே. அங்குக் காரணமாகக் கொள்ளப்படுவது கட்டியின் பிறப்பிடம்.

இவ்வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறு கற்பித்த மோர்கானி, நோய்களின் இருப்பிடங்களையும் காரணங்களையும் பற்றிய தம் பெருநூலை 1761-இல் வெளியிட்டார். நோய் உடல் முழுவதும் பரவிய ஒரு சமநிலைக் குலைவு என்ற பழைய கருத்துக்கு எதிராக, ஒவ்வொரு நோய்க்கும் உறுப்பில் ஓர் இருப்பிடம் உண்டு என்று பிணக்கூறாய்வுகளைக் கொண்டு அவர் நிறுவினார். 1858-இல் பெர்லினில் விர்க்கோ அந்த இருப்பிடத்தை உறுப்பிலிருந்து செல்லுக்கு நகர்த்தினார். அதன்பின், பிறந்த திசுவின் பெயரோடு 'ஓமா' என்னும் கிரேக்க விகுதியைச் சேர்த்துக் கட்டிகளை அழைப்பது உறுதிப்பட்டது. மென்தசையில் பிறந்தது லெயோமயோமா; கொழுப்பில் பிறந்தது லைப்போமா; தசை, கொழுப்பு முதலிய இடைத்திசுக்களில் பிறந்து பரவும் தன்மையுடையது சார்கோமா.

காரணப்பெயரில் ஓர் இடர் உண்டு. காரணம் பிழையென்று பின்னர் தெரியவந்தாலும் பெயர் எளிதில் மறைவதில்லை. அது பதிவேட்டிலும் பாடநூலிலும் தேர்வுத்தாளிலும் தொடர்கிறது. நுண்ணோக்கியில் இரண்டு செல்கள் ஒன்றுபோல் தோன்றினால் அவை ஒரே பெயரைப் பெறுகின்றன. ஒரே பெயரைப் பெற்றவை ஒரே சிகிச்சையைப் பெறுகின்றன.

2. எட்டாத உறுப்பு

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுடைய தசைக்குழாய். மூச்சுக்குழல், பெருந்தமனி, இதயம், முதுகெலும்பு ஆகியவற்றின் இடையே அது இறங்குகிறது. உட்பக்கம் சளிச்சவ்வு, அதன்கீழ் ஓர் இணைப்புத்திசு அடுக்கு, அதன் வெளியே தசை. குடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான வெளிச்சவ்வு இதற்கு இல்லை. ஆகவே தையல் எளிதில் பிடிப்பதில்லை. கசிவு ஏற்பட்டால் நோய்க்கிருமிகள் நேரே மார்பின் நடுப்பகுதிக்குள் பரவுகின்றன.

உயிருள்ள மனிதரின் உணவுக்குழாயைக் கண்ணால் காண்பதே நெடுங்காலம் இயலாதிருந்தது. 1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் குஸ்மாவுல், வாள் விழுங்கும் கலைஞர் ஒருவரின் துணையோடு நேரான உலோகக் குழலைச் செலுத்தி உள்ளே நோக்கினார். 1895-இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட பிறகு, கதிரைத் தடுக்கும் பிஸ்மத், பேரியம் கலவைகளை விழுங்கச் செய்து குழாயின் நிழலைப் படமாக்கும் முறை வந்தது. 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் அறிமுகப்படுத்திய வளையும் இழைநோக்கிக்குப் பின்னரே உட்பரப்பை அச்சமின்றி முழுமையாகக் காண முடிந்தது.

அறுவையின் பாதையும் மெதுவானதே. 1877-இல் செர்னி கழுத்துப் பகுதி உணவுக்குழாயின் ஒரு துண்டை வெட்டி நீக்கினார். மார்புப் பகுதியோ எட்டாமலே இருந்தது. மார்பைத் திறந்தவுடன் நுரையீரல் சுருங்கிவிடும் என்பதே தடை. 1904-இல் சாவர்புருக் அமைத்த தாழ்வழுத்த அறையும், பின்னர் வந்த மூச்சுக்குழல்வழி மயக்கமுறையும் அத்தடையைத் தளர்த்தின. 1913-இல் நியூயார்க்கில் ஃப்ரான்ஸ் டோரெக் புற்றுநோய் கண்ட மார்பு உணவுக்குழாயை நீக்கினார். கழுத்துத் துளையையும் இரைப்பைத் துளையையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்து உண்ட அந்த மூதாட்டி பத்தாண்டுக்கும் மேல் வாழ்ந்தார். 1933-இல் கியோட்டோவின் ஓசாவா, 1938-இல் சிகாகோவின் ஆடம்ஸ், ஃபெமிஸ்டர், 1946-இல் பிரிட்டனின் ஐவர் லூயிஸ் ஆகியோரின் பணிகளால் இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் முறை நிலைபெற்றது.

இவை யாவும் பெரும்பாலும் கார்சினோமாவை எதிர்கொள்ள உருவானவை. அறுவை எத்துணைப் பெரிதாயினும் அந்நோயில் அதற்கு நியாயம் உண்டு. அரிய கட்டிகள் எழுப்பிய கேள்வி வேறு: இந்தப் பெரிய அறுவை இக்கட்டிக்குத் தேவைதானா? விடை கட்டியின் பெயரில் இருந்தது.

3. தசைக்கட்டி என்னும் தெளிவான பெயர்

உணவுக்குழாயின் தீங்கற்ற கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது லெயோமயோமா. குழாயின் மேற்பகுதித் தசை, கைகால் தசையைப் போன்ற வரித்தசை. கீழே செல்லச் செல்ல மென்தசை. மென்தசைக் கட்டியாகிய லெயோமயோமா நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பெரும்பாலும் தோன்றுவதற்கு இதுவே காரணம். இங்குப் பெயரும் பிறப்பிடமும் பொருந்தி வருகின்றன.

1976-இல் செரமெட்டிஸும் அவர்தம் உடனாய்வாளர்களும் அதுவரை மருத்துவ ஏடுகளில் வெளியான 838 லெயோமயோமாக்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். பெண்களைவிட ஆண்களில் இது ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. நோயாளிகளுட் பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை. உலகெங்கும் சிதறிக் கிடந்த ஓரிரு நோயாளிக் குறிப்புகளை ஒன்றுதிரட்டினாலன்றி இத்தகைய பொதுமுடிவுகள் கிட்டா என்பதற்கு அத்தொகுப்பு எடுத்துக்காட்டு.

பேரியப் படத்தில் இக்கட்டி வழவழப்பான பிறைவடிவ அழுத்தமாகத் தெரியும். அகநோக்கியில் காண்பது இயல்பான சளிச்சவ்வு. அதன்கீழ் உருண்டு நகரும் ஒரு மேடு. இங்கு நோய் அறிவோர் ஒரு விதியை வகுத்தனர்: லெயோமயோமா என்று ஐயுற்றால் அகநோக்கி வழியாக மேற்பரப்பைக் கிள்ளித் திசு எடுக்கலாகாது. இடுக்கி பெரும்பாலும் கட்டியை எட்டாது. ஆனால் அது விட்டுச்செல்லும் தழும்பு சளிச்சவ்வைக் கட்டியோடு ஒட்டவைத்துவிடும். பின்னர் கட்டியைப் பிரித்தெடுக்கும்போது அந்த இடத்தில் சவ்வு கிழியும்.

லெயோமயோமாவுக்கு உரிய அறுவை, கட்டியை மட்டும் பிரித்தெடுத்தல். மார்பின் வழியே சென்று தசையிழைகளை அவற்றின் போக்கிலேயே விலக்கி, உறையுள்ள கட்டியை விதையை எடுப்பதுபோல் வெளியே எடுத்து, தசையை மீண்டும் சேர்த்துத் தைப்பர். உணவுக்குழாய் தன் இடத்திலேயே இருக்கும். 1992-இல் பிரிட்டனிலும் இத்தாலியிலும் இதையே மார்பைப் பிளக்காமல் சிறுதுளைகள் வழியே செய்து வெளியிட்டனர். 2012-இல் ஷாங்காயின் சூ மெய்தோங் குழுவினர் ஒரு படி மேலே சென்றனர். அகநோக்கியாலேயே சளிச்சவ்வின்கீழ் ஒரு சுரங்கம் அமைத்து, அதன் வழியே சிறிய கட்டிகளை நீக்கும் முறையை அவர்கள் விவரித்தனர். ஜப்பானில் இனோவே, விழுங்குதல் தடைப்படும் அக்கலேசியா நோய்க்கு உருவாக்கிய சுரங்கவழித் தசைவெட்டு முறையிலிருந்து பிறந்தது அது.

இம்முறைகள் அனைத்தும் ஓர் எடுகோளின்மேல் நிற்கின்றன: உள்ளே இருப்பது லெயோமயோமாதான்.

4. ஒன்றுபோல் தோன்றிய மற்றொன்று

இரைப்பையிலும் குடலிலும் தோன்றிய நீள்வடிவச் செல் கட்டிகள் பல்லாண்டுகளாகத் தசைக்கட்டிகள் என்றே பதிவாயின. 1983-இல் மேஸூர், கிளார்க் என்னும் இரு நோயியலர் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் புரத நிறமேற்றமும் கொண்டு இரைப்பையின் அத்தகைய கட்டிகளை ஆராய்ந்தபோது, பலவற்றில் தசையின் அடையாளம் இல்லை. அவை எதிலிருந்து பிறந்தன என்று அவர்களால் உறுதிசெய்ய இயலவில்லை. ஆகவே 'ஸ்ட்ரோமல் கட்டி' என்ற நடுநிலைப் பெயரை இட்டனர். 'ஸ்ட்ரோமா' என்பது உறுப்பைத் தாங்கும் திசுவைப் பொதுவாகச் சுட்டும் சொல். பிறப்பிடத்தை முன்கூட்டியே முடிவுசெய்யாத பெயர் அது. பின்வந்த ஆய்வாளர்கள் வினாவைத் திறந்தே வைத்திருக்க அப்பெயர் இடமளித்தது.

விடை 1998-இல் கிடைத்தது. ஒசாகாவில் ஹிரோட்டாவும் உடனாய்வாளர்களும், இக்கட்டிகளில் 'கிட்' என்னும் மரபணு பிறழ்வுற்று ஓயாமல் செல்பெருக்கத்தைத் தூண்டுவதைக் கண்டறிந்தனர். குடலின் அசைவை ஒழுங்குசெய்யும் கஹால் இடைச்செல்களோடு இக்கட்டிகளுக்கு உறவு உண்டென்பதும் அக்காலத்திலேயே தெளிவாயிற்று. இரைப்பை-குடல் ஸ்ட்ரோமல் கட்டி, சுருக்கமாக 'ஜிஸ்ட்', தனி நோயாக நிலைபெற்றது.

உணவுக்குழாயில் ஜிஸ்ட் மிக அரிது. இரைப்பையில் ஜிஸ்ட் மிகுதி, லெயோமயோமா குறைவு; உணவுக்குழாயில் நிலைமை தலைகீழ். 2000-ஆம் ஆண்டில் மியெட்டினெனும் உடனாய்வாளர்களும் உணவுக்குழாயின் 17 ஸ்ட்ரோமல் கட்டிகளை லெயோமயோமா, லெயோமயோசார்கோமா ஆகியவற்றோடு ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளம். இதன்பின் பழைய ஏடுகளில் 'லெயோமயோசார்கோமா' என்று காணப்படும் ஒவ்வொரு பதிவையும் ஐயத்தோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. 1998-க்கு முந்தைய புள்ளிவிவரங்களை இன்றைய வகைப்பாட்டின்கீழ் அப்படியே எடுத்தாள்வது வரலாற்றுப் பிழையாகும்.

அறுவை மேசையில் இவ்வேறுபாடு நேரடியான விளைவுடையது. கணினிக்கதிர்ப் படத்தில் இரண்டும் ஒத்திருக்கக்கூடும். லெயோமயோமாவைப் பிரித்தெடுப்பது போதும். ஜிஸ்ட் அப்படியன்று, அதன் உறை கிழிந்தால் செல்கள் மார்பறையில் சிந்தி நோய் மீளும். கட்டியை அதன் விளிம்போடு முழுமையாக நீக்க வேண்டும். இரைப்பையில் ஓர் ஆப்புவடிவத் துண்டை வெட்டினால் அது நிறைவேறிவிடும். உணவுக்குழாயில் அவ்வாறு ஒரு பக்கத்தை மட்டும் வெட்டித் தைத்தால் குழாய் குறுகும். எனவே பெரிய கட்டியாயின் உணவுக்குழாயையே நீக்க நேர்கிறது. மிகச் சிறிய ஜிஸ்டைப் பிரித்தெடுக்கலாமா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

ஆகவே லெயோமயோமாவின் காலத்தில் பிறந்த 'திசு எடுக்கலாகாது' என்ற விதி மறுபரிசீலனைக்கு உட்பட்டது. 1980-களில் உருவான அகநோக்கி மீயொலி, சுவரின் அடுக்குகளைத் தனித்தனியே காட்டியது. கட்டி எந்த அடுக்கில் உள்ளது என்று சொல்ல முடிந்தது. அதன் துணையோடு மெல்லிய ஊசியைச் செலுத்தி, சளிச்சவ்வைக் கிள்ளாமலே கட்டியின் செல்களை எடுக்க வழி பிறந்தது. எடுத்த திசு டெஸ்மின் நிறத்தை ஏற்றால் தசை. கிட் புரதத்துக்கும் டாக்-1 என்னும் குறிப்பானுக்கும் உரிய நிறத்தை ஏற்றால் ஜிஸ்ட். ஊசியும் தேவையின்றிச் செலுத்தப்படுவதில்லை. முடிவு அறுவையை மாற்றுமா என்று கேட்ட பின்னரே அது கையிலெடுக்கப்படுகிறது. இந்தியச் சூழலில் இன்னோர் ஐயமும் உடன்வருகிறது: மார்பின் நடுவே காசநோயால் வீங்கிய நிணநீர் முடிச்சு உணவுக்குழாயை வெளியிலிருந்து அழுத்தி, சுவரில் தோன்றிய கட்டிபோலவே காட்சி தரும். அங்கு அறுவைக்கே இடமில்லை. மருந்தால் தீரும் நோய் அது.

பெயர் மாற்றம் மருந்துக்கும் வழி திறந்தது. கிட் புரதத்தின் செயலைத் தடுக்கும் இமாட்டினிப், ஃபின்லாந்தில் பரவிய ஜிஸ்ட் கொண்ட ஒரு பெண்ணுக்கு அளிக்கப்பட்டுக் கட்டிகள் சுருங்கிய செய்தி 2001-இல் வெளியாயிற்று. பெரிய கட்டியை முதலில் மருந்தால் சுருக்கி, பின்னர் சிறிய அறுவையால் நீக்குவது உணவுக்குழாயில் தனிப்பயன் உடையது. 'லெயோமயோசார்கோமா' என்ற பழைய பெயரின்கீழ் அந்த நோயாளிக்கு இம்மருந்தை எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அம்மருந்தின் வரலாறு இந்தியாவையும் தொட்டது. அதன் ஒரு படிக வடிவத்துக்கான காப்புரிமை விண்ணப்பம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவாயிற்று. 2006-இல் அங்கேயே நிராகரிக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவை எதிர்த்த வழக்கை 2007-இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை மறுப்பை உறுதிசெய்தது. உள்நாட்டு நிறுவனங்கள் தயாரித்த விலைகுறைந்த மருந்து தொடர்ந்து கிடைத்தது. நுண்ணோக்கியின்கீழ் தொடங்கிய ஒரு பெயர்த் திருத்தம், இந்திய நோயாளிக்கு எட்டும் சிகிச்சையாக மாற நீதிமன்றமும் வேண்டியிருந்தது.

5. மயோபிளாஸ்டோமா: தலைப்பிலேயே மறுக்கப்பட்ட பெயர்

மாஸ்கோவின் நோயியலர் அப்ரிகோசவ், லெனினின் உடலைக் கூறாய்வு செய்தவராகப் பொதுவரலாற்றில் அறியப்படுபவர். 1926-இல் நாக்கு முதலிய இடங்களில் தோன்றிய, குருணைகள் நிறைந்த பெரிய செல்களாலான கட்டிகளை அவர் விவரித்தார். நாக்கு தசையாலான உறுப்பு. செல்கள் வரித்தசையிழைகளை ஒட்டியே கிடந்தன. எனவே முதிராத தசைச்செல்லிலிருந்து இவை தோன்றின என்று அவர் கருதினார். 'மயோபிளாஸ்டோமா' என்ற பெயர் வழக்கில் வந்தது. 1931-இல் உணவுக்குழாயிலும் அவர் இதைப் பதிவுசெய்தார்.

அடுத்த பத்தாண்டிலேயே நரம்போடு உறவுடையது என்ற மாற்றுக்கருத்து எழுந்தபோதும் பழைய பெயரே நீடித்தது. 1962-இல் ஃபிஷர், வெக்ஸ்லர் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் சான்றோடு, இது நரம்பிழையைப் போர்த்தும் ஷ்வான் செல்லிலிருந்து வந்தது என்று காட்டினர். 'மயோபிளாஸ்டோமா' ஒரு பொருந்தாப் பெயர் என்பதைத் தம் கட்டுரையின் தலைப்பிலேயே அறிவித்தனர். இன்று வழங்கும் 'குருணைச் செல் கட்டி' என்ற பெயர் பிறப்பிடத்தைச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது.

உணவுக்குழாயில் இது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில், கடைவாய்ப் பல்லைப்போல் மஞ்சள் வெண்மையான சிறு மேடாகக் காணப்படும். மிகப் பெரும்பாலும் தீங்கற்றது. இதன் அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. கட்டியின் மேலுள்ள தட்டைச் செல் அடுக்கு சிலபோது தடித்துக் கீழ்நோக்கி வேர்விட்டு வளர்கிறது. மேலோட்டமாக எடுத்த சிறுதுண்டில் அந்த வேர்கள் மட்டுமே அகப்பட்டால், அது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று பிழையாக வாசிக்கப்படக்கூடும். அத்தகைய கார்சினோமா மிகுந்த நாட்டில் அந்த வாசிப்புக்கு வாய்ப்பு மேலும் கூடுதல். கண்காணிப்போடு விட்டுவிடத்தக்க, அல்லது அகநோக்கியாலேயே நீக்கத்தக்க ஒரு கட்டிக்காக ஒருவர் தம் உணவுக்குழாயை இழக்க நேரலாம். ஆழத்திலிருந்து போதிய திசு எடுப்பதும், எஸ்-100 என்னும் நரம்புவழிப் புரதத்துக்கு நிறமேற்றிப் பார்ப்பதும் அதைத் தடுக்கின்றன.

6. தீங்கற்றதாகக் கருதப்பட்ட தொங்குகட்டி

மருத்துவ ஏடுகளில் மிகுந்த வியப்போடு விவரிக்கப்பட்டவை உணவுக்குழாயின் பெருந்தொங்குகட்டிகள். தொண்டைக்கு அருகே மேற்பகுதியில் ஒரு காம்பால் பற்றிக்கொண்டு, விழுங்கும் அலைகளால் ஆண்டுக்கணக்கில் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு, இரைப்பையை எட்டும் அளவுக்குக்கூட அவை நீள்கின்றன. வாந்தியின்போதோ இருமலின்போதோ கட்டி வாய்வழியே வெளிவந்துவிடுவதும் உண்டு. குரல்வளையை அடைத்து மூச்சுத்திணறலால் இறந்தோரும் உண்டு. இத்துணைப் பெரிய கட்டி அகநோக்கியில் தப்பிவிடுவது இன்னொரு வியப்பு. அதன்மேல் போர்த்தியிருப்பது இயல்பான சளிச்சவ்வு. குழாயை முழுவதும் நிறைத்திருப்பதால் நோக்குபவருக்கு அது குழாயின் சுவராகவே தோன்றுகிறது. பேரியப் படமும் கணினிக்கதிர்ப் படமுமே அதன் முழு உருவைக் காட்டுகின்றன.

நார்த்திசு, இரத்தநாளம், கொழுப்பு ஆகியவை கலந்து காணப்பட்டதால் 'நார்நாளத் தொங்குகட்டி' என்று பெயரிடப்பட்டது. தீங்கற்றது என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. காம்பில் பெரிய நாளங்கள் ஓடுவதால், கழுத்தைத் திறந்து, காம்புக்கு எதிர்ப்புறத்தில் உணவுக்குழாயைக் கீறி, காம்பைக் கண்ணால் கண்டு கட்டி வெட்டுவது வழக்கமான அறுவை. சிலருக்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் வளர்ந்தது. காம்பை முழுமையாக வெட்டாததே காரணம் என்று விளக்கப்பட்டது.

2018-இல் வெளியான ஓர் ஆய்வில் கிரஹாமும் உடனாய்வாளர்களும் அத்தகைய 13 கட்டிகளை மறுபடி எடுத்துப் பார்த்தனர். நன்கு வேறுபட்ட லைப்போசார்கோமா என்னும் கொழுப்புப் புற்றின் அடையாளம், எம்.டி.எம்.2 மரபணு பல படிகளாகப் பெருகியிருத்தல். அதைத் தேடியபோது, உணவுக்குழாயின் கொழுப்புடைய பெருந்தொங்குகட்டிகளுட் பெரும்பாலானவை லைப்போசார்கோமாவே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். வேறு ஆய்வுகளும் அதே திசையில் வந்தன. மீண்டும் வளர்ந்ததற்கான விளக்கமும் மாறியது. இது மெதுவாக வளரும் கட்டி, பரவுவது அரிது, ஆனால் மிச்சம் வைத்தால் மீளும். ஆகவே காம்பின் அடிவரை விளிம்போடு நீக்குவதும், அறுவைக்குப்பின் பல்லாண்டுகள் கண்காணிப்பதும் தேவை. பழைய பெயரோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிக்கு அந்தக் கண்காணிப்பு கிட்டியிருக்க வாய்ப்பில்லை.

7. இருக்கவே முடியாதென்று கருதப்பட்ட கட்டி

உணவுக்குழாயில் தோன்றும் முதல்நிலை மெலனோமா 1906-இல் பாவ்ர் என்பவரால் பதிவாயிற்று. மெலனோமா நிறமிச் செல்லின் புற்று. நிறமிச் செல்கள் தோலுக்கும் கண்ணுக்கும் உரியவை என்றே கொள்ளப்பட்டது. உணவுக்குழாயில் அச்செல் இல்லையெனில், அங்குக் கண்ட மெலனோமா வேறெங்கிருந்தோ பரவியதாகத்தான் இருக்க வேண்டும். இந்த வாதம் தர்க்கப்படி குற்றமற்றது. ஆனால் அதன் முதல் எடுகோள் சோதிக்கப்படவே இல்லை.

1953-இல் ஆலன், ஸ்பிட்ஸ் இருவரும் முதல்நிலைக் கட்டியை அடையாளம் காணும் அளவுகோலை முன்வைத்தனர். சளிச்சவ்வுக்கும் கீழ்த்திசுவுக்கும் இடையேயுள்ள எல்லையில் மெலனோமாச் செல்களின் தோற்றம் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். பத்தாண்டு கழித்து, 1963-இல் தெ லா பாவாவும் உடனாய்வாளர்களும் பிணக்கூறாய்வில் இயல்பான உணவுக்குழாய்களைத் தேடிப் பார்த்துச் சிலவற்றில் நிறமிச் செல்களைக் கண்டனர். எடுகோள் விழுந்தது. 1991-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், அகநோக்கியில் கண்ட உணவுக்குழாய் நிறமிப் படிவுகளைத் திசுவேதியியலாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் ஆராய்ந்து வெளியிட்டனர். உயிருள்ள நோயாளிகளில் அப்படிவைக் காட்டிய முதன்மையான ஆய்வுகளுள் அதுவும் ஒன்று.

இங்குப் பெயரின் விளைவு மிகக் கடுமையானது. 'பரவிய மெலனோமா' என்றால் உணவுக்குழாயை அறுத்து நீக்குவதில் பொருளில்லை. 'முதல்நிலை' என்றால், பரவாத நிலையில் முழு நீக்கமே முதன்மையான சிகிச்சை. ஆகவே தோல், கண், குடலின் முனைப்பகுதி ஆகியவற்றைத் தேடிப் பார்த்து வேறிடத்தில் மூலக்கட்டி இல்லையென உறுதிசெய்வது நோயறிதலின் பகுதியாயிற்று. சில மெலனோமாக்களில் நிறமியே இராது. அவை வேறுபாடற்ற கார்சினோமா என்று வாசிக்கப்படும் அபாயம் உண்டு, ஹெச்.எம்.பி-45, மெலன்-ஏ நிறமேற்றங்களே அங்கு வேறுபாட்டைக் காட்டுகின்றன. பெயர் சரியானதால் நோய் எளிதாகிவிடவில்லை. இது இன்றும் மிகக் கொடியது. சரியான அறுவைக்குப் பின்னரும் நோயாளிகளுட் பலரைக் காக்க முடிவதில்லை.

8. பழைய திசுக்களின் பயன்

இவ்வரலாற்றைத் தவறுகளின் பட்டியலாக வாசிப்பது நியாயமாகாது. அப்ரிகோசவ் நாக்கில் தசைச்செல்லைக் கண்டதும், தொங்குகட்டியில் நாரையும் நாளத்தையும் கண்டதும் அவ்வக்காலக் கருவிகள் காட்டியவற்றுக்கு உட்பட்ட முடிவுகளே. எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் ஷ்வான் செல்லையோ, மரபணு ஆய்வு இல்லாமல் எம்.டி.எம்.2 பெருக்கத்தையோ எவரும் கண்டிருக்க முடியாது. ஆனால் இரு வகைப் பெயர்களுக்கிடையே ஒரு வேறுபாடு புலப்படுகிறது. காரணத்தை உறுதியாகச் சொன்ன 'மயோபிளாஸ்டோமா' திருத்தத்தை நீண்டகாலம் தள்ளிப்போட்டது. காரணம் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்ட 'ஸ்ட்ரோமல் கட்டி' பதினைந்து ஆண்டுகளுக்குள் விடையை எட்டியது. கருவிகளின் வளர்ச்சிக்கும் இதில் பங்குண்டு. எனினும் கேள்வியை மூடாத பெயர் ஆய்வுக்கு உதவுகிறது என்று சொல்ல இது இடந்தருகிறது.

திருத்தங்களுக்கு இன்னொரு முன்நிபந்தனையும் இருந்தது. மியெட்டினெனின் 17 கட்டிகளும் கிரஹாமின் 13 கட்டிகளும் ஒரே ஆண்டில் அறுவைக்கு வந்தவை அல்ல. அரிய கட்டிகள் அவ்வாறு வருவதில்லை. பல்லாண்டுகளாக மெழுகுக் கட்டிகளில் பதித்துப் பாதுகாக்கப்பட்ட திசுக்களை மீண்டும் சீவி, புதிய நிறமேற்றத்துக்கும் மரபணுச் சோதனைக்கும் உட்படுத்தியே அவ்வாய்வுகள் செய்யப்பட்டன. அறிக்கை மட்டும் எஞ்சி, திசு எஞ்சாதிருந்தால், 'லெயோமயோசார்கோமா' என்ற சொல்லைத் திருத்த வழியே இருந்திராது. சொல்லைச் சொல்லோடு மட்டுமே ஒப்பிட்டிருக்க முடியும்.

இந்திய மருத்துவக் கல்லூரிகளின் நோயியல் துறைகளில் அடுக்கப்பட்டிருக்கும் மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் இந்நோக்கில் காண வேண்டும். இடநெருக்கடி வரும்போது முதலில் வெளியேற்றப்படும் பொருள்களாக அவை கருதப்படக்கூடும். உணவுக்குழாய் நோய்கள் மிகுந்த ஒரு நாட்டில், கார்சினோமாக்களின் பெருங்குவியலுக்குள் பிழைப்பெயரோடு கிடக்கும் அரிய கட்டிகள் எத்தனை என்று அறிய அவற்றைத் தவிர வேறு சான்று இல்லை. அறுவைக்குறிப்பு, படம், திசு ஆகிய மூன்றும் ஒரே எண்ணின்கீழ் பாதுகாக்கப்பட்டால், இன்று இடப்படும் பெயர் பிழையாயினும் நாளை ஒருவர் அதைத் திருத்த முடியும். மருத்துவ வரலாறு படிக்கும் மாணவர்கள் நூலகத்தோடு நின்றுவிடாமல் அந்த அலமாரிகளையும் ஆவணக்காப்பகமாகக் கருதத் தொடங்குவது அதற்கான முதல் வேலை.